தொலைக்காட்சிப் பிரசங்கியாரை மக்கள் நம்புவது ஏன்? டி.ஜி.எஸ். தினகரனின் வாழ்வும் போதனையும்: ஒரு விளக்கம்

பெங்களூரு: அதிகாலையில் தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசைகளைத் திருப்பினால், செய்தியும் திரைப்பாடலும் தொடங்குவதற்கு முன்பே ஒரு பிரசங்கியார் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சிறிது நேரம் வேதாகமப் போதனை, பின்னர் ஒருவரின் அனுபவச் சாட்சி, அதன் பின் கண்களை மூடி ஒரு ஜெபம், முடிவில் திரையின் அடியில் ஒரு தொலைபேசி எண். தமிழகத்தில் மட்டுமின்றி, பெங்களூரு பிரேசர் டவுன் போன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளிலும் இந்த வடிவம் நன்கு அறிமுகமானது.

தமிழில் இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர், 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் நிறுவனர் டி.ஜி.எஸ். தினகரன். அவர் காலமாகி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆயினும், ஆதரவாளர்களின் நன்றியும் விமர்சகர்களின் கேள்விகளும் இன்றளவும் ஓயவில்லை. நோய் தீர ஜெபிப்பவர் எதை நம்பினார்? அந்த நம்பிக்கை எவ்வாறு ஒரு பெரும் நிறுவனமாக வளர்ந்தது? காணிக்கை அனுப்பும் பார்வையாளர் அறிந்திருக்க வேண்டியவை யாவை? இக்கேள்விகளுக்கான விளக்கத்தை இக்கட்டுரையில் காணலாம்.

பிரேசர் டவுனும் தமிழ் ஜெபமும்

இன்று அரசு ஆவணங்களில் புலிகேசி நகர் எனப்படும் பிரேசர் டவுன், 1898ஆம் ஆண்டு பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோயின் விளைவாக உருவான பகுதி. நெரிசலான குடியிருப்புகளில் இருந்து மக்களை வெளியேற்றிக் காற்றோட்டமான புறநகரில் குடியமர்த்தும் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இப்பகுதி, 1910இல் திறக்கப்பட்டது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பணியாற்றிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

அப்போது இப்பகுதி மைசூர் மன்னரின் நேரடி ஆட்சியில் இல்லை. பிரிட்டிஷ் இராணுவக் குடியிருப்பான கண்டோன்மெண்டின் ஒரு பகுதியாக இருந்தது. இராணுவத்தோடும், கட்டுமானத்தோடும், வணிகத்தோடும் சென்னை மாகாணத்தில் இருந்து வந்து குடியேறிய தமிழர்களின் மொழியே கண்டோன்மெண்ட் தெருக்களில் ஓங்கி ஒலித்தது. அவர்களோடு தேவாலயங்களும் வந்தன. கோல்ஸ் பூங்காவுக்கு அருகே உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயம், ரிச்சர்ட்ஸ் டவுனின் டேவிஸ் ரோட்டில் உள்ள தூய ஆவியார் ஆலயம், பென்சன் டவுனில் 1910இல் தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரி எனச் சில கிலோமீட்டர் சுற்றளவில் கத்தோலிக்கமும் சீர்திருத்தக் கிறிஸ்தவமும் அருகருகே வேரூன்றின.

இந்த மரபுகள் அனைத்திலும் வழிபாடு ஆலயத்தில், குறித்த நேரத்தில், குருவானவரின் தலைமையில் நடைபெறுவது. வீட்டுக்குள் வந்து, பெயர் சொல்லி அழைத்து, தனிப்பட்ட துயரத்துக்காக ஜெபிக்கும் குரல் அதற்கு மாறானது. கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியிலும் அலுவலகத்திலும் கோலோச்சும் ஒரு நகரில், அந்தக் குரல் தாய்மொழியில் ஒலித்தது அதன் ஈர்ப்பைக் கூட்டியது. இந்தப் புதிய வழியின் தொடக்கத்தை அறிய, திருநெல்வேலிச் சீமைக்குச் செல்ல வேண்டும்.

சுரண்டையில் இருந்து வங்கிப் பணிக்கு

தினகரன் 1935ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சுரண்டையில் பிறந்தார். தற்போது அவ்வூர் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. ஆங்கிலிக்க மிஷனரிகளின் பணியால் 19ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் ஆழமாகப் பரவிய வட்டாரம் அது. 1947இல் பல சீர்திருத்த சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அவ்வட்டாரக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அதன் உறுப்பினர்கள் ஆயினர். தினகரனின் குடும்பமும் இத்திருச்சபையைச் சார்ந்ததே.

அவரது வாழ்வின் திருப்புமுனையாக அவரே பலமுறை மேடைகளில் எடுத்துரைத்த நிகழ்வு, 1955ஆம் ஆண்டு நடந்தது. வேலையின்மையும் தோல்வியும் சூழ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் ரயில் பாதையை நோக்கிச் சென்ற இளைஞரை வழியில் உறவினர் ஒருவர் சந்தித்து, இயேசுவைப் பற்றிப் பேசித் திரும்ப அழைத்து வந்தார் என்பது அவரது சாட்சி. பின்னாளில் அவருடைய ஜெபங்களில் மனமுடைந்தோர், கடனில் மூழ்கியோர், வேலையற்றோர் ஆகியோருக்கு முதலிடம் கிடைத்ததன் காரணத்தை இந்த அனுபவத்தில் காண்பவர்கள் உண்டு.

அதன் பின் பாரத ஸ்டேட் வங்கியில் பணியில் சேர்ந்தார். ஸ்டெல்லாவை மணந்தார். 1962ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி ஜெபத்தில் இருந்தபோது இயேசுவைத் தரிசித்ததாகவும், பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பெற்றதாகவும் அவர் கூறிவந்தார். வங்கி வேலையில் இருந்தபடியே மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் கூட்டங்களில் பேசத் தொடங்கியவர், பின்னர் முழுநேர ஊழியத்துக்கு வந்தார். திடல்களில் நடந்த கூட்டங்களுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் திரண்டனர். அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதோரும் கணிசமாக இருந்தனர்.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தினகரன் தனியாக ஒரு திருச்சபையைத் தொடங்கவில்லை. ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், உறுப்பினர் பதிவேடு போன்றவை 'இயேசு அழைக்கிறார்' அமைப்பின் பணிகளாக இருக்கவில்லை. அவரவர் தத்தம் ஆலயத்துக்குச் செல்லலாம். ஜெபத்துக்கு இவரை நாடலாம். இதனால் சபைகளுடன் மோதல் குறைந்தது. கத்தோலிக்கரும், தென்னிந்தியத் திருச்சபையினரும், பெந்தெகொஸ்தே சபையினரும், இந்துக்களும் ஒரே கூட்டத்தில் அமர முடிந்தது.

நம்பிக்கையின் மையம் எது?

இத்தகைய பிரசங்கியார்களைத் தமிழில் 'சுவிசேஷகர்' அல்லது 'நற்செய்தியாளர்' என்பர். அவர்களின் போதனையை விளங்கிக்கொள்ளச் சில அடிப்படைகளை அறிதல் அவசியம்.

முதலாவது, அற்புதங்கள் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை என்ற நம்பிக்கை. வேதாகமத்தில் இயேசு குருடரையும் முடவரையும் குணமாக்கியதாகக் கூறப்படுகிறது. அந்த வல்லமை இன்றும் அதே அளவில் செயல்படுகிறது என்பது இவர்களின் உறுதி. மரபுவழிச் சபைகள் பலவும் இதை மறுப்பதில்லை. ஆனால் அன்றாட எதிர்பார்ப்பாக அதனை முன்வைப்பதில்லை.

இரண்டாவது, ஆவியின் வரங்கள். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் 9 வரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. குணமாக்குதல், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷையில் பேசுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இயல்பாக அறிய முடியாத ஒன்றைத் தேவன் அறிவிப்பதாகக் கருதப்படும் அறிவின் வரமும் அவற்றில் ஒன்று. தினகரன் மேடையில் கண்களை மூடி, கூட்டத்தில் இருப்பவரின் பெயரையும் நோயையும் சொல்லி அழைத்தது இந்த வரத்தின் அடிப்படையில்தான் என்று ஆதரவாளர்கள் கருதினர். பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில், இலட்சக்கணக்கானோர் பார்க்கும் ஒளிபரப்பில், வழக்கமான ஒரு பெயரும் வழக்கமான ஒரு நோயும் யாருக்கேனும் பொருந்தியே தீரும் என்பது விமர்சகர்களின் வாதம்.

மூன்றாவது, மனதுருக்கம். கடவுள் தொலைவில் இருந்து தீர்ப்பளிப்பவராக அன்றி, துயருறுவோருடன் சேர்ந்து கண்ணீர் விடுபவராக அவரது போதனையில் இடம்பெற்றார். தினகரன் ஜெபிக்கும்போது தாமும் அழுவார். அவர் தொடங்கிய கல்வி நிறுவனத்துக்குக் 'காருண்யா' என்று பெயரிட்டதும் இக்கருத்தை ஒட்டியதே.

இவை எவையும் தமிழ் மண்ணுக்கு முற்றிலும் புதியவை அல்ல. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படும் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெரு எழுப்புதல் 1906இல் நடந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1860இல், அருளப்பன் என்ற தமிழ்ப் போதகரின் தலைமையில் திருநெல்வேலிப் பகுதியில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் கொண்ட எழுப்புதல் ஏற்பட்டதாகத் திருச்சபை வரலாறுகள் பதிவு செய்துள்ளன. 1920களில் உருவான சிலோன் பெந்தெகொஸ்தே சபை, தன் ஊழியர்கள் மருந்து உட்கொள்வதில்லை என்ற கடும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. தினகரனின் வழி அதிலிருந்து மாறுபட்டது. ஜெபத்தையும் மருத்துவத்தையும் எதிரெதிரே நிறுத்தாத அவர், நோயுற்றபோது மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றார்.

வானொலி காட்டிய வழி

தொலைக்காட்சிக்கு முன்னோடி வானொலி. அகில இந்திய வானொலியில் மதப் பிரசாரத்துக்கு விலைக்கு நேரம் கிடைக்காத காலத்தில், வெளிநாட்டுச் சிற்றலை நிலையங்களே தமிழ்க் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளுக்கு வாய்ப்பளித்தன. இலங்கையில் இருந்தும், இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில் இருந்தும் அவை ஒலித்தன. செஷல்ஸில் 1970இல் ஒலிபரப்பைத் தொடங்கிய ஃபீபா வானொலியின் இந்திய அமைப்பு பெங்களூரில் இயங்கிவந்தது. நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் கடிதம் எழுத, அமைப்புகள் பதில் எழுதின. பிற்காலத் தொலைக்காட்சி ஊழியங்களின் உயிர்நாடியான இந்தக் கடிதத் தொடர்பு, வானொலிக் காலத்திலேயே பழக்கத்துக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவில் இதற்குள் தொலைக்காட்சி முன்மாதிரி உருவாகியிருந்தது. பேட் ராபர்ட்சன் என்ற பிரசங்கியார் 1961இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சிறு கிறிஸ்தவத் தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கினார். 1963இல் நிதி நெருக்கடி ஏற்பட்டபோது, மாதம் 10 டாலர் தரக்கூடிய 700 பேர் முன்வந்தால் நிலையத்தின் மாதச் செலவான 7,000 டாலரை ஈடுகட்டலாம் என்று கணக்கிட்டு வேண்டுகோள் விடுத்தார். அந்தக் கணக்கே பின்னர் '700 கிளப்' என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பெயராயிற்று. 1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராகும் முயற்சியில் இறங்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்ற ராபர்ட்சன், 2023 ஜூன் 8 அன்று தமது 93ஆவது வயதில் காலமானார்.

மற்றொரு முன்மாதிரி ஓரல் ராபர்ட்ஸ். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் தம் பெயரில் நிறுவிய பல்கலைக்கழகத்தின் நடுவே 200 அடி உயர ஜெபக் கோபுரத்தை அவர் எழுப்பினார். 1967இல் திறக்கப்பட்ட அக்கோபுரத்தில் இருந்து தொலைபேசி வழியே இடையறாத ஜெபச் சேவை நடைபெற்றது. 1983இல் சென்னையில் தினகரன் ஜெபக் கோபுரத்தைத் தொடங்கியபோது, தமிழகத்துக்கு இந்த வடிவம் அறிமுகமாயிற்று. அக்கோபுரம் அமைந்துள்ள சாலை தற்போது அவரது பெயரைத் தாங்கியுள்ளது.

1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்த பின் நிலைமை வேகமாக மாறியது. தனியார் அலைவரிசைகள் அதிகாலை நேரத்தைக் கட்டணத்துக்கு விற்றன. பார்வையாளர் குறைவாக உள்ள நேரத்தில் அலைவரிசைக்கு உறுதியான வருமானம். ஊழியத்துக்கு மாவட்டம் கடந்த, மாநிலம் கடந்த பார்வையாளர்கள். கேபிள் இணைப்பு சென்ற இடமெல்லாம் நிகழ்ச்சியும் சென்றது. பெங்களூருத் தமிழர்களுக்குச் சென்னைக் குரல் தினந்தோறும் கிடைக்கத் தொடங்கியது இப்படித்தான். பின்னர் முழுநேரக் கிறிஸ்தவ அலைவரிசைகளும் தமிழில் உருவாயின.

பங்காளரும் காணிக்கையும்

இவ்வூழியங்களின் நிதி அமைப்பைப் புரிந்துகொள்ள 'பங்காளர்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆலயத்தில் காணிக்கை இடுபவர் அந்தச் சபையின் உறுப்பினர். தொலைக்காட்சி ஊழியத்துக்கு உறுப்பினர்கள் இல்லை. எனவே, குறிப்பிட்ட தொகையைத் தொடர்ந்து அனுப்புவோரைப் பங்காளர்களாகப் பதிவு செய்யும் முறை உருவாயிற்று. அவர்களின் பெயர்கள் ஜெபத்தில் நினைவுகூரப்படும். கடிதங்களும் இதழ்களும் அனுப்பப்படும். 'இயேசு அழைக்கிறார்' அமைப்பில் பிள்ளைகளின் பெயரிலான இளம் பங்காளர் திட்டம் குறிப்பிடத்தக்க ஒன்று. பிள்ளையின் படிப்புக்கும் எதிர்காலத்துக்கும் ஜெபம் வேண்டும் பெற்றோரே இதில் பெருமளவில் இணைந்தனர்.

ஆதரவாளர்களின் பார்வையில் இது எளிய கணக்கு. ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டணம் உண்டு. இரவு பகலாகத் தொலைபேசியில் பதிலளிக்க ஆட்கள் வேண்டும். வந்து குவியும் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். பயன்பெற்றவர் அச்செலவில் பங்கேற்பதில் தவறில்லை என்பர்.

விமர்சகர்களின் கேள்வி, கொடுத்தலும் ஆசீர்வாதமும் இணைத்துப் பேசப்படும் இடத்தில் எழுகிறது. காணிக்கை அளித்தால் கடன் தீரும், வேலை கிடைக்கும் என்று பார்வையாளர் புரிந்துகொண்டால், அது நன்றியின் வெளிப்பாடாக இல்லாமல் கொடுக்கல் வாங்கலாக மாறிவிடும் என்பது அவர்களின் கருத்து. 'செழிப்பின் உபதேசம்' என்று அழைக்கப்படும் இப்போக்கைக் கிறிஸ்தவ இறையியலாளர்கள் பலரும் கண்டித்துள்ளனர். ஜெபம் நிறைவேறாதபோது, விசுவாசம் போதவில்லை என்ற குற்ற உணர்வு ஏழையின் தலையிலேயே விழுகிறது என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

அமெரிக்காவில் இந்த அச்சம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. ஜிம் பேக்கர் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கியார் நன்கொடையாளர்களை மோசடி செய்த வழக்கில் 1989இல் தண்டிக்கப்பட்டார். 2007இல் செனட்டர் சக் கிராஸ்லி 6 தொலைக்காட்சி ஊழியங்களின் கணக்கு வழக்குகளை விசாரிக்கத் தொடங்கினார். 2011இல் அந்த விசாரணை எவர் மீதும் நடவடிக்கையின்றி முடிவுற்றது.

தமிழகத்தில், தினகரனுக்குப் பின் ஊழியத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அவரது மகன் பால் தினகரனுடன் தொடர்புடைய இடங்களில் 2021 ஜனவரியில் வருமான வரித்துறையினர் சோதனை நடத்தினர். சோதனை என்பது விசாரணையின் ஒரு கட்டமே. அதுவே குற்றத்துக்கான தீர்ப்பாகாது. எனினும், மத அமைப்புகளின் கணக்குகள் குறித்த பொது விவாதத்தை அது மீண்டும் எழுப்பியது.

குணமாக்கும் ஊழியரின் சொந்தத் துயரம்

தினகரனின் வாழ்வில் ஆதரவாளர்களும் விமர்சகர்களும் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு, 1986ஆம் ஆண்டு மே மாதம் நேர்ந்தது. அவரது ஒரே மகள் ஏஞ்சல் சாலை விபத்தில் உயிரிழந்தார். பிறருடைய பிள்ளைகளுக்காக ஊர் ஊராகச் சென்று ஜெபித்தவரின் வீட்டிலேயே இந்த இழப்பு நேர்ந்தது. ஊழியத்தை நிறுத்திவிட எண்ணும் அளவுக்கு மனமுடைந்த குடும்பம், பின்னர் அத்துயரத்தை மறைக்காமல் மேடைகளில் பகிர்ந்துகொண்டது. ஸ்டெல்லா தினகரனின் போதனைகளில் அந்த இழப்பு பல ஆண்டுகள் இடம்பெற்றது.

அதே 1986ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மேற்கே, சிறுவாணி மலையடிவாரத்தில் காருண்யா தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன் அருகே பெதஸ்தா ஜெப மையம் அமைந்துள்ளது.

தினகரன் தாமும் பல ஆண்டுகள் நோய்களுடன் போராடினார். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி, 72ஆவது வயதில், உடல்நலக் குறைவால் சென்னையில் காலமானார். குணமாக்கும் வரம் பெற்றவர் தம்மை ஏன் குணமாக்கிக்கொள்ளவில்லை என்ற கேள்வி அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுப்பப்பட்டது. வரம் ஊழியருக்குச் சொந்தமானதல்ல, அளிப்பதும் மறுப்பதும் தேவனின் சித்தம் என்பது இம்மரபினரின் விடை. அவ்விடை நம்பாதவர்களை நிறைவு செய்யாது. எனினும், அவரை நாடிய பலருக்கு அவரது நோயும் மகளின் மரணமும் தடையாக அமையவில்லை. துயரத்தை அறிந்தவர் தமக்காக ஜெபிக்கிறார் என்ற எண்ணத்தையே அவை வலுப்படுத்தின. மக்கள் அவரிடம் எதிர்பார்த்தது அற்புதத்தை மட்டுமே அல்ல, தம் துயரைப் பொறுமையாகக் கேட்கும் செவியையும்தான் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

அருகிலேயே ஓர் எதிர்க்குரல்

இந்த வழிமுறையை ஏற்காத குரல்கள் கிறிஸ்தவத்துக்குள்ளேயே உண்டு. அவற்றில் ஒன்று பிரேசர் டவுனுக்கு மிக அருகில் இருந்து எழுந்தது. இந்தியக் கடற்படையில் அதிகாரியாகப் பணியாற்றி 1966இல் பதவி விலகிய சகரியா பூனன், 1975இல் பெங்களூரில் கிறிஸ்தவ ஐக்கிய சபையைத் தொடங்கினார். வீலர் ரோடு நீட்சியில், டகோஸ்டா சதுக்கத்தில் அச்சபை அமைந்துள்ளது.

ஆவியின் வரங்களைப் பூனனும் ஏற்கிறார். ஆனால் ஊழியத்தையும் பணத்தையும் இணைப்பதைக் கடுமையாக எதிர்க்கிறார். அச்சபையின் போதகர்கள் ஊழியத்துக்குச் சம்பளம் பெறுவதில்லை. சொந்தத் தொழில் மூலம் வாழ்க்கை நடத்துகின்றனர். கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே போதித்த பவுல் அப்போஸ்தலரை அதற்கு முன்மாதிரியாகக் காட்டுகின்றனர். பூனனின் போதனைகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பிலும் அவை பரவியுள்ளன. நோய் நீங்குவதையும் செல்வம் பெருகுவதையும்விட, கோபம், பொய், பேராசை ஆகியவற்றில் இருந்து விடுபடுவதே விசுவாசத்தின் அளவுகோல் என்பது அவரது போதனையின் அழுத்தம்.

ஆகவே, இருவருக்கும் இடையிலான வேறுபாடு கடவுள் அற்புதம் செய்வாரா என்பதில் இல்லை. துயருறுவோரைத் தேடிச் செல்ல ஒரு பெரிய நிறுவனம் தேவையா, அந்த நிறுவனத்தின் செலவை யார் ஏற்பது, அதைக் கேட்கும் முறை எது என்பதில்தான் உள்ளது.

சட்டம் சொல்வது என்ன?

மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு உரிமை வழங்குகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு அந்த உரிமை உட்பட்டது. தொலைக்காட்சியில் ஜெபிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

ஆயினும் சில வரம்புகள் உள்ளன. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள் 1994இன் நிகழ்ச்சி நெறிமுறை, மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளைத் தடை செய்கிறது. மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் 1954, குறிப்பிட்ட நோய்களைத் தாயத்து, மந்திரம் போன்றவற்றால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைக் குற்றமாக்குகிறது. எது வழிபாடு, எது விளம்பரம் என்ற எல்லையை வரையறுப்பது நடைமுறையில் எளிதன்று.

நிதி தொடர்பாக, வருமான வரிச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட அறக்கட்டளைகள் பொதுவாக ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தம் நோக்கங்களுக்காகச் செலவிட்டால்தான் முழு வரிவிலக்குப் பெற முடியும். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்கீழ் அனுமதி தேவை. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அத்தொகை புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும்.

கர்நாடகத்தில் மத மாற்றம் தொடர்பான சட்டமும் விவாதத்துக்குரியது. வலுக்கட்டாயம், ஆசைகாட்டுதல் போன்றவற்றால் நடக்கும் மத மாற்றத்தைத் தடுக்கும் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் திரும்பப் பெற 2023 ஜூனில் மாநில அமைச்சரவை முடிவு செய்தது. தமிழகத்தில் 2002இல் இதே நோக்கில் கொண்டுவரப்பட்ட சட்டம் 2004இல் கைவிடப்பட்டது.

பார்வையாளர் கவனிக்க வேண்டியவை

நம்பிக்கை அவரவர் உரிமை. எனினும், தொலைக்காட்சி ஊழியம் எதுவாயினும், எந்த மதத்தைச் சார்ந்ததாயினும், பார்வையாளர் சில அடிப்படைக் கேள்விகளைக் கேட்பது பாதுகாப்பானது.

ஜெபத்தை நம்பி மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா என்பது முதற் கேள்வி. நீரிழிவு, வலிப்பு, காசநோய் போன்றவற்றில் மருந்தை இடையில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குணமானதாக உணர்ந்தாலும், மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே சிகிச்சையை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, பணம் யாருடைய பெயரில் உள்ள கணக்குக்குச் செல்கிறது என்பது. பதிவு பெற்ற அறக்கட்டளையின் கணக்கா, தனிநபர் கணக்கா என்பதை அறிந்து, இரசீது பெறுதல் நலம். மூன்றாவது, குறித்த தொகைக்குக் குறித்த பலன் என்று வாக்களிக்கப்படுகிறதா என்பது. நான்காவது, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அளிக்கும் குடும்ப விவரங்களும் தொலைபேசி எண்ணும் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றன என்பது.

தினகரன் காலத்தில் அஞ்சலட்டையில் வந்த ஜெப வேண்டுகோள், இன்று கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வருகிறது. கொரோனா பொதுமுடக்கத்தின்போது ஆலயங்கள் மூடப்பட்டதால், மரபுவழிச் சபைகளும் இணைய நேரலைக்கு மாறின. அதிகாலை ஒளிபரப்பு நேரத்தை விலைக்கு வாங்க வசதியற்ற சிறு ஊழியரும் யூடியூப்பில் உலகத் தமிழர்களிடம் பேச முடிகிறது. அவர்களின் காணொளிகளுக்குத் தொலைக்காட்சி நெறிமுறைகள் நேரடியாகப் பொருந்துவதில்லை.

தொழில்நுட்பம் மாறினாலும் அழைப்பவர்களின் தேவைகள் பெரிதும் மாறவில்லை. பிள்ளையின் படிப்பு, கணவரின் குடிப்பழக்கம், வட்டிக் கடன், தீராத நோய் என்று 1983இல் சென்னை ஜெபக் கோபுரத்துக்கு வந்த வேண்டுகோள்களே இன்றைய நேரலைகளின் கருத்துப் பகுதியையும் நிரப்புகின்றன. அவற்றைப் பொறுமையுடன் கேட்க அண்டை வீட்டாரோ, சபையோ, அரசு மருத்துவமனையின் மனநல ஆலோசகரோ கிடைக்காத வரை, திரையின் அடியில் தோன்றும் தொலைபேசி எண்ணுக்கு அழைப்புகள் தொடரும்.